இலக்கம் 67

ரணதுங்க கருணானந்த இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த நெடுந்தூர ஓட்ட வீரர். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தைக் கடைசியாக, 29 ஆவதாக, ஓடி முடித்தவர். பதக்கம் எதுவும் பெறாத அவரை ஜப்பானியர்கள் தலைமுறை கடந்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய ஓட்டம் அந்நாட்டுச் சிறுவர்களின் பாடப்புத்தகத்தில் பாடமாகவும் வந்தது. கடைசியாக வந்த ஒருவர்மீது இவ்வளவு மதிப்பு ஏன் பிறந்தது என்பதை அறிய, 10,000 மீற்றர் என்பது எத்தகைய ஓட்டம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

400 மீற்றர் ஓடுபாதையை 25 தடவை சுற்றிவருவதே 10,000 மீற்றர் ஓட்டம். தனித்தனிக் கோடுகள் கிடையாது. எல்லோரும் ஒன்றாகவே ஓடுவார்கள். ஒரு சுற்றில் சில செக்கன் பிந்துபவர், சுற்றுகள் ஏற ஏற ஒரு முழுச் சுற்றே பின்தங்கிவிடுவார். முன்னணியில் ஓடுபவர் பின்னாலிருந்து வந்து அவரைக் கடந்து போவார். அதன்பிறகு யார் முன்னே, யார் பின்னே என்று பார்வையாளருக்குப் பிடிபடாது. முதலாவதாக வந்தவர் முடித்துவிட்டுத் துவாயைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போதும், பின்தங்கியவருக்கு இன்னும் சுற்றுகள் மிச்சமிருக்கும். அவர் அவற்றை எல்லோர் கண்ணெதிரிலும் ஓடியாக வேண்டும். பலர் இந்தக் கட்டத்துக்கு முன்பே விலகிவிடுவதுண்டு.

இந்த ஓட்டம் 1912 இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. அதில் முதல் தங்கம் வென்றவர் பின்லாந்தின் ஹன்னஸ் கொலேமைனென். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இப்போட்டி நடந்த ஆறு ஒலிம்பிக்குகளில் ஐந்தில் பின்லாந்து வீரர்களே வென்றார்கள். அவர்களுள் தலைசிறந்தவர் பாவோ நூர்மி. துர்க்கு நகரில் 1897 இல் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை விட்டு, தள்ளுவண்டியில் பொருட்களை ஏற்றி மேடுகளில் தள்ளும் வேலைக்குப் போனார். 1920 முதல் 1928 வரையான மூன்று ஒலிம்பிக்குகளில் ஒன்பது தங்கமும் மூன்று வெள்ளியும் வென்றார். கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி ஓடுவது அவர் வழக்கம். பக்கத்தில் ஓடுபவரைப் பாராமல், ஒவ்வொரு சுற்றையும் தான் வகுத்த நேரத்துக்குள் முடிக்கிறோமா என்று மட்டும் பார்ப்பார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றரில் ஓட அவருக்கு அணி அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், தாய்நாட்டின் குவோப்பியோ நகரில், அவர் அந்தத் தூரத்தை 30 நிமிடம் 6.2 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். 1937 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடங்கியபோது, 55 வயதான நூர்மி சுடரை ஏந்தி மைதானத்துக்குள் ஓடிவந்தார். அந்த ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்தலில் பங்குபற்றியவர் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆறு ஆண்டுகளின் பின், 1958 ஆசிய விளையாட்டு விழாவில், அவர் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. அது கிடைத்த இடம் டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கு. இன்னும் ஆறு ஆண்டுகள் கழித்து, கருணானந்த ஓடியதும் அதே அரங்கில்தான்.

1964 ஒக்டோபர் 14. தொடக்கக் கோட்டில் 38 பேர் நின்றார்கள். செயற்கை விரிப்பு ஒலிம்பிக்குக்கு வராத காலம் அது. தூள் பரப்பிய ஓடுபாதை ஈரமாக இருந்தது. உலக சாதனையைக் கைவசம் வைத்திருந்த அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் வெல்வார் என்பதே பலருடைய கணிப்பு. கடைசிச் சுற்றில் கிளார்க், தூனிசியாவின் மொஹமட் கமூதி, அமெரிக்காவின் பில்லி மில்ஸ் ஆகிய மூவரும், சுற்றுப் பின்தங்கிய ஓட்டக்காரர்களுக்கு இடையே வழி தேடி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். இறுதி நேர்பாதையில் யாரும் எதிர்பாராத மில்ஸ் வெளிப்பக்கமாகப் பாய்ந்து வந்து வென்றார். அவருடைய நேரம் 28 நிமிடம் 24.4 செக்கன். கமூதிக்கு வெள்ளி, கிளார்க்குக்கு வெண்கலம். 10,000 மீற்றரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே அமெரிக்கர் இன்றுவரை மில்ஸ்தான்.

ஒவ்வொருவராக ஓட்டத்தை முடித்து ஒதுங்கினார்கள். ஓடுபாதையில் எஞ்சியவர் 67 ஆம் இலக்கம் அணிந்த கருணானந்த மட்டுமே. எல்லோரோடும் சேர்ந்து அவரும் முடித்திருப்பார் என்று நினைத்த பார்வையாளர்கள், அவர் நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போவதைக் கண்டு முதலில் சிரித்தார்கள். சிலர் கேலிக் குரலும் எழுப்பினார்கள். அவர் மறுபடியும் சுற்றிவந்து, மறுபடியும் முடிவுக் கோட்டைக் கடந்து போனார். சிரிப்பு அடங்கியது. அவருக்குச் சுற்றுகள் மிச்சமிருக்கின்றன, அவற்றை ஓடாமல் அவர் போகமாட்டார் என்பது அரங்கிலிருந்த ஏறக்குறைய 70,000 பேருக்கும் விளங்கியது. கைதட்டல் ஒரு பக்கத்தில் தொடங்கி, அவர் போகும் திசையெல்லாம் அவரோடு சுற்றிவந்தது. கடைசிச் சுற்றை முடித்தபோது, தங்கம் வென்றவருக்குக் கிடைத்ததற்குக் குறையாத வரவேற்பு அவருக்குக் கிடைத்தது.

அவர் எடுத்த நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன். மில்ஸுக்கு ஒரு சுற்று சராசரியாக 68 செக்கன் எடுத்தது. கருணானந்தவுக்கு 82 செக்கன். மில்ஸ் வென்ற தறுவாயில் கருணானந்தவுக்கு இன்னும் நான்கு சுற்றுகளுக்கு மேல் இருந்தன. போட்டியின் முடிவு எல்லோருக்கும் தெரிந்த பின்னர், ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் அவர் ஓடியிருக்கிறார். ஒருவரையும் முந்துவதற்கு வழியில்லை, பதக்கத்துக்கும் வழியில்லை. ஓடவென்று வந்த தூரத்தை ஓடி முடிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

ஒலிம்பிக்கில் வெல்வதை விடப் பங்குபற்றுவதே பெரிது, தான் வந்தது 10,000 மீற்றர் ஓடுவதற்கு, அதை ஓடி முடித்திருக்கிறேன் என்ற கருத்தில் அவர் பின்னர் பேசினார். ஊரில் தனக்கு ஒரு சிறிய மகள் இருக்கிறாள் என்றும், அவள் வளர்ந்த பின், அப்பா தோற்றாலும் கடைசிவரை ஓடினார் என்று அவளுக்குச் சொல்வேன் என்றும் அவர் கூறியதாக ஜப்பானில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

அந்த ஒலிம்பிக் ஜப்பானுக்கு வெறும் விளையாட்டு விழாவாக இருக்கவில்லை. போரில் சாம்பலான டோக்கியோ, 19 ஆண்டுகளுக்குள் எழுந்து நின்று உலகத்தை வரவேற்ற தருணம் அது. தோல்வியைக் கண்ட ஒரு தலைமுறை, தோல்வி உறுதியான பிறகும் தன் வேலையைப் பாதியில் விடாத மனிதர் ஒருவரை அந்த அரங்கில் கண்டது. 1970களின் தொடக்கத்தில் ஆரம்பப் பள்ளி மொழிப் பாடப்புத்தகத்தில் அவருடைய இலக்கத்தையே தலைப்பாகக் கொண்ட பாடம் இடம்பெற்றது. அதைப் படித்த சிறுவர்கள் பெரியவர்களான பின்னரும் 67 என்ற இலக்கத்தை மறக்கவில்லை. கருணானந்த 1974 இல், 40 வயதை எட்டுமுன்பே காலமானார்.

10,000 மீற்றர் ஓட்டத்தின் வரலாற்றில், பாதியில் விடாத இதே குணம் இன்னொரு முறையும் பளிச்சிட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் லஸ்ஸே விரேன் பாதித் தூரத்தை எட்டும் வேளையில் இடறி விழுந்தார். டோக்கியோவில் வெள்ளி வென்ற அதே கமூதி அவர்மேல் தடுக்கி விழுந்தார். கமூதி சிறிது தூரம் ஓடிவிட்டு விலகினார். விரேன் எழுந்து, முன்னே போனவர்களை எட்டிப்பிடித்து, 27 நிமிடம் 38.4 செக்கனில் வென்றார். ரொன் கிளார்க் 1965 இல் நிலைநாட்டிய உலக சாதனை ஒரு செக்கனால் முறிந்தது. விழுந்தும் எழுந்த விரேனுக்குத் தங்கம் கிடைத்தது. கருணானந்தவுக்கு 29 ஆம் இடம். இருவருக்கும் இடையில் திறமையின் தூரம் பெரிது. நிற்கலாம் என்று உடலும் சூழலும் சொன்ன இடத்தில் நிற்காததில் இருவரும் ஒன்றே.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள சுகததாச விளையாட்டரங்கிலும், நாட்டின் பாடசாலைகளில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலும் நெடுந்தூர ஓட்டம் நடக்கும்போது, கடைசியாக ஒரு பிள்ளை தனியே ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தப் பிள்ளை முடிவுக் கோட்டைத் தொடும்வரை கைதட்டிக் காத்திருப்பது கருணானந்தவுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

டோக்கியோவில் ஓடத் தொடங்கிய 38 பேரில் ஒன்பது பேர் இடையில் விலகினார்கள். முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே நேரம் இல்லை. 29 ஆம் இடத்தில், கருணானந்த என்ற பெயருக்கு எதிரே, 34 நிமிடம் 21.2 செக்கன் என்று பதிவாகியிருக்கிறது.