திரை பேச வேண்டுமாயின்

பார்வையற்றோர் கணினியில் வேலை செய்வது எவ்வாறு? திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் 'திரைநவிலி' என்னும் மென்பொருளே அவர்களுக்குத் துணை. ஆயினும் அது எல்லாச் செயலிகளையும் ஒன்றுபோலப் படித்துவிடுவதில்லை. இதன் காரணத்தை, நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

பழைய டாஸ் கணினியின் திரை, பெரும்பாலும் 80 பத்தியும் 25 வரியும் கொண்ட எழுத்துக் கட்டமாக இருந்தது. எழுத்துகள் நினைவகத்திலும் எழுத்தாகவே இருந்தமையால், அவற்றை எடுத்துப் படிப்பது எளிதாயிற்று. பின்னர்ச் சாளரங்களும் படங்களும் நிறைந்த திரை வந்தது. அதில் 'சேமி' என்னும் பொத்தான் வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டமே. 1989இல் மக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்த 'அவுட்ஸ்போக்கன்' போன்றவை, திரையில் வரையப்படுவனவற்றை இடைமறித்துக் குறித்துவைத்துப் படித்தன. இது பெரிதும் ஊகத்தைச் சார்ந்த வழி.

1997இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி' என்னும் முறையை வெளியிட்டது. இதன்படி செயலியே தன் உறுப்புகளைப் பற்றித் திரைநவிலிக்கு அறிவிக்கும். அறிவிக்க வேண்டியவை முக்கியமாக நான்கு: பெயர், வகை, நிலை, மதிப்பு. லினக்ஸ், மேக் ஆகியவற்றிலும் இத்தகைய முறைகள் உண்டு.

வகுப்பில் ஒரு மாணவன் அமர்ந்திருக்கிறான். வருகைப் பதிவேட்டிலோ அவன் பெயர் இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்து அழைக்கும் ஆசிரியருக்கு அவன் இல்லாதவனே. அறிவிப்பில்லாத பொத்தானின் கதியும் அதுவே.

இனி, நிரலர் பொத்தான்களைத் தாமே வரைவதில்லை. ஆயத்தமான கருவித்தொகுதிகளைப் பயன்படுத்துகிறார். இவை இருவகை. 'டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்' போன்றவை, இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளையே பெரும்பாலும் எடுத்தாளுகின்றன. ஆதலால் அறிவிப்பும் உடன் வந்துவிடுகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இலவசத் திரைநவிலியான என்.வி.டி.ஏ.யின் சாளரங்களே இதனைக் கொண்டு அமைந்தவைதாம்.

மற்றொரு வகை, உறுப்புகளைத் தானே வரைவது. ஜாவாவின் 'ஸ்விங்', 'க்யூடி' ஆகியன இத்தகையவை. இவற்றை ஆக்கியோர் அறிவிக்கும் பகுதியைத் தனியே எழுதிச் சேர்த்திருக்கின்றனர். பைதான் பயில்வோர் பலர் கையாண்ட 'டிகே'யின் 8.6 பதிப்பிலோ இவ்வசதி அமையவில்லை. எனவே, தொகுதியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, பார்வையற்றவர் உள்ளே வரலாமா, கூடாதா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நல்ல தொகுதி கிடைத்தாலும் நிரலரின் கடமை தீர்ந்துவிடாது. படம் மட்டும் உள்ள பொத்தானுக்கும் பெயரிடவேண்டும். சுட்டியின்றி, விசைப்பலகையால் மட்டுமே எல்லாவற்றையும் இயக்க இயலவேண்டும். புதிதாக ஓர் உறுப்பை வரைந்தால், அதன் வகையையும் நிலையையும் தாமே அறிவிக்கவேண்டும். இறுதியில் திரையை அணைத்துவிட்டு, திரைநவிலியின் குரலை மட்டும் கேட்டுச் செயலியை இயக்கிப் பார்க்கவேண்டும்.

கல்வியும் திறமையும் நிரம்பிய ஒருவர், பெயரில்லாத ஒரு பொத்தானால் வேலை வாய்ப்பை இழப்பது எவ்வளவு கொடுமை! அதனைத் தடுக்க வேண்டுவது பெரும்பொருள் அன்று. தொடக்கத்திலேயே கொள்ளும் சிறிது கவனமே.