வேலை போன பின்பும் இ.எஸ்.ஐ. கார்டு செல்லுமா?

திருநின்றவூரிலிருந்து காக்களூர், திருமழிசை, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி என ஷிப்டுக்குப் போய்வரும் குடும்பங்களில் வேலை போனால் முதலில் வரும் கவலை சம்பளம். அடுத்த கவலை சற்றுத் தாமதமாக, அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீரும் நாளில் வரும்: இ.எஸ்.ஐ. கார்டு இனி செல்லுமா? செல்லாது என்று தாங்களாகவே முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஒழுங்காகச் சந்தா கட்டப்பட்டவருக்கு, வேலை போன பிறகும் பல மாதங்களுக்கு, ஒரு பைசா கட்டாமலே கார்டு செல்லும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கப்படும், நிறுவனம் 3.25 சதவீதம் போடும். இந்தச் சந்தா அரையாண்டுக் கணக்கில் ஓடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஓர் அரையாண்டில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா போயிருந்தால், அதற்குரிய பலன் காலம் முடியும்வரை வைத்தியம் உண்டு. இடையில் வேலை போனாலும் இது மாறாது.

78 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. சில ஆண்டுகளாக வேலையில் இருக்கும் ஒருவரை ஜூன் 15-ஆம் தேதி நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் 76 நாள். அந்த அரையாண்டு கணக்கில் சேராது. முந்தைய அரையாண்டுச் சந்தாவின் பலத்தில் டிசம்பர் 31 வரை கார்டு செல்லும். அதே ஆள் ஜூன் 20 வரை சம்பளத்தோடு வேலையில் இருந்திருந்தால் 81 நாள். அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை குடும்பத்துக்கே வைத்தியம். ஐந்து நாளில் ஆறு மாதம் கூடுகிறது. கடைசி வேலை நாள் எது என்று எச்.ஆரிடம் பேச இடமிருந்தால், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுவது நல்லது. சந்தா போகும் நாட்கள் சம்பளம் கணக்கிடப்பட்ட நாட்கள் என்பதால், சம்பளமில்லாத விடுப்பு இதில் வராது. பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை காப்பீட்டு எண்ணை (ஐ.பி. நம்பர்) வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பலன் காலமும் முடிந்த பிறகு? சொந்தப் பணத்தைக் கட்டித் தொடர வழி இருக்கிறதா என்றால், சிலருக்கு மட்டும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்காவில் கோப்ரா என்ற சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் வேலை இழந்தவர் பழைய காப்பீட்டையே பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் முதலாளியின் பங்கையும் சேர்த்து முழு பிரீமியம், அதற்கு மேல் 2 சதவீத நிர்வாகச் செலவு எல்லாம் அவர் தலையில். சம்பளம் நின்ற வீட்டுக்கு அது பெரும் பாரம். நம் இ.எஸ்.ஐ.யில் அதற்கு ஆண்டுக்கு 120 ரூபாய். மாதம் பத்து ரூபாய்தான்! தொழிலாளிக்கும் துணைவருக்கும் வைத்தியம். ஐந்து ஆண்டுகளாவது காப்பீட்டில் இருந்து வயது முடிந்தோ, வி.ஆர்.எஸ். வாங்கியோ, முன்கூட்டியோ ஓய்வுபெற்றவருக்கும், வேலையில் ஏற்பட்ட காயத்தால் நிரந்தர ஊனமுற்று வேலையை விட்டவருக்கும் இது கிடைக்கும். இவ்வளவு மலிவான ஏற்பாடு இருப்பது ஓய்வுபெறும் பலருக்கே தெரிவதில்லை என்பது வேதனை. கிளை அலுவலகத்தில் பணம் கட்டினால் போதும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

ஆலை மூடியோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவருக்கு 2005-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் திட்டம் இருக்கிறது: முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு, அந்தக் காலம் முழுக்க குடும்பத்துக்கு வைத்தியம். 2018-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் வாழ்நாளில் ஒருமுறை 90 நாள் வரை உதவித்தொகை தருகிறது. அது முதலில் சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்தது; கொரோனா ஊரடங்கில் வேலை போனவர்களுக்காக 50 ஆக்கினார்கள். விருப்ப ஓய்வில் போனவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் அது கிடையாது.

இங்கேதான் ஒரு தாள் குடும்பத்தின் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. "செட்டில்மென்ட் சீக்கிரம் வரும், ராஜினாமா எழுதிக் கொடுத்துடுப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னால் பலரும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மாதச் சந்தாவைப் பதிவேற்றும்போது, ஆள் விலகிய காரணத்தையும் நிறுவனம் குறிக்கிறது. தானாக விலகினார் என்று பதிவானால், ஆட்குறைப்புதான் நடந்தது என்று பின்னால் நிரூபிக்க அலைய வேண்டும். அவர்களே நிறுத்துகிறார்கள் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தாலும், ராஜினாமா என்று எழுதித் தராதீர்கள்.

21,000-க்கு மேல் வாங்கி கம்பெனியின் குரூப் பாலிசியில் இருப்பவர்களின் நிலை வேறு. பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். ஆனால் அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் இடம் தருகின்றன. குரூப்பில் கழித்த ஆண்டுகள், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவருக்கு இது பெரிய விஷயம். புதிதாக எடுத்தால் அந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை போகலாம். நோட்டீஸ் காலத்திலேயே, பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியம் முழுக்கக் கையிலிருந்துதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சிறு ஆறுதல்.

எல்லாம் சொன்ன பிறகும் ஒருவர் வெளியே நிற்கிறார்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவரிடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. காண்ட்ராக்ட் முடிந்தால் அது ஓய்வும் இல்லை, வி.ஆர்.எஸ்.ஸும் இல்லை. ஐந்தாறு ஆண்டு சந்தா கட்டியிருந்தும் 120 ரூபாய் கட்டித் தொடர அவருக்கு வழியில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போனால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். அதுவும் படுத்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்குத்தான், மாதாந்திர மாத்திரைக்கு இல்லை. ஐந்து ஆண்டு சந்தா கட்டிய எவரும், எப்படி வேலை போனாலும், அடுத்த வேலை கிடைக்கும்வரை அந்தப் பத்து ரூபாயைக் கட்டிக் கார்டைத் தொடரலாம் என்று விதியைத் திருத்த வேண்டும். இ.எஸ்.ஐ. கழகத்தில் இடம்பெற்றிருக்கும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இதைக் கேட்க வேண்டும்.