வண்டி மக்கர் பண்ணுகிறதா?

1983-ல் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற பிறகும் பல வீடுகளில் செல்லப் பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். சிக்கலில்லாத யந்திரம்தான். ஆனாலும் வயசாகிவிட்டதே!

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம், "என்னமோ மாதிரி இருக்கு" என்றா சொல்கிறோம்? எப்போதிருந்து ஜுரம், எப்படி இருமுகிறது என்று விவரமாகச் சொல்கிறோம் இல்லையா? மெக்கானிக்கிடமும் அப்படிச் சொல்லிப் பாருங்கள். வீண் செலவு குறையும். சில சமயம் உயிரே தப்பும்.

காலையில் கிளம்பவில்லையா?

சாவியைத் திருப்பினால் வெறும் 'டிக் டிக்' சத்தம், ஹெட்லைட்டும் மங்கல் என்றால் முதல் சந்தேகம் பாட்டரி மேல்தான். அதன் முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பொடி பூத்திருக்கிறதா? கையுறை போட்டுக்கொண்டு மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும், மைனஸ் வயரைக் கடைசியாக மாட்டி, மேலே லேசாக வாஸலின் தடவுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடையும் தூக்குகிறதா? பழைய கார்புரேட்டர் வண்டியானால் பிளக் நனைந்திருக்கும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, பத்து நிமிஷம் பொறுத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எதுவானாலும், மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

சூடு ஏறினால்...

டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால், 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் குக்கர் வெடித்த மாதிரி கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். அதன் மின்விசிறி, எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுழலலாம். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எல்லாம் ஜாக்கிரதை!

புகையின் நிறம்

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வந்தால் பயமில்லை. சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் மட்டும் சமாளிப்பு வேண்டாம்

பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? அடிவரை போய்விடுகிறதா? இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கிறதா? பிரேக் ஆயில் கசியலாம், காற்று புகுந்திருக்கலாம். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்.

வொர்க்ஷாப்புக்குப் போகும்போது

கோளாறு எப்போது வருகிறது, சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா, மேட்டில் ஏறும்போதா என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். உத்தேசச் செலவை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். "இந்தம்மாவுக்கு விஷயம் தெரியும்" என்று புரிந்துவிட்டால், பில்லும் தானாக அடங்கி வரும்!