இரு பலகையிற் பிறந்த பாய்ப்படகு

ஊவாத் தோட்டங்களிலிருந்து முன்னாளிற் கொழும்புக்குச் சென்ற தேயிலைப் பெட்டிகள் ஒட்டுப்பலகையால் ஆனவை. பந்தயப் படகொன்றும் அப்பலகையினின்றே பிறந்தது. 1947 இல், புளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரிற் சிறுவர்க்கு மலிவான பாய்ப்படகு வேண்டப்பட்டது. கிளார்க் மில்ஸ் என்னும் படகுத் தச்சர், எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள இரு பலகைகளுக்குள் அதனை அடக்கினார். கூரிய முகப்புக்குப் பலகையின் நீளம் இடங்கொடாமையின், அது மொட்டையாகவே நின்றது. அழகு குறைவுதான், ஆயினும் உளிபிடிக்கத் தெரிந்த தந்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

'ஒப்டிமிஸ்ட்' எனப்படும் இப்படகு இக்காலத்திற் பெரும்பாலும் கண்ணாடியிழையால் வார்க்கப்படுகின்றது. நீளம் 2.36 மீற்றர், உடலின் எடை 35 கிலோகிராமிற் குறைதலாகாது. எல்லாப் படகும் ஓரளவினவாதலின், பணத்தால் வேகத்தை வாங்குதல் அரிது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் இதிற் போட்டியிடுவதில்லை.