மாமா என்றால் யார்?

"மாமா வந்திருக்கிறார்" என்று தம்பி ஓடிவந்து சொல்கிறான். வந்தவர் யார்? அம்மாவுடன் பிறந்தவராக இருக்கலாம், அத்தையின் கணவராகவும் இருக்கலாம். மணமானவர்களுக்கு மாமனாரும் மாமாதான். இந்தியில் அப்படியில்லை. அங்கே மாமா என்பவர் தாயின் சகோதரர். மாமனாருக்கு வேறு சொல். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம்மிடையே இந்த மூன்று உறவுகளும் ஒரே சொல்லில் அடங்கியதில் வியப்பில்லை.

மாணவர்களே, இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு சற்று வெளிநாடு போய் வருவோமா? கென்யாவிலும் தான்சானியாவிலும் பேசப்படும் சுவாஹிலி மொழியில் 'மாமா' என்றால் தாய். சீனத்திலும் தாயே. ஆனால் கருங்கடலின் கிழக்கிலுள்ள ஜார்ஜியாவில் 'மாமா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அப்பா! தாய்க்கு அங்கே 'தெதா' என்று பெயர். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் பிட்ஜன்ஜாரா மக்களுக்கும் 'மாமா' தந்தைதான்.

ஜார்ஜியர்களும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் சொல்லைக் கடன் வாங்கிக்கொள்ள வழியே இல்லை. பிறகு எப்படி ஒரே ஒலி வந்தது?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய 'பாபா' என்றல்லவா கேட்கிறது? மெல்லினத்துக்கு மூக்கு பிறப்பிடம் என்று இலக்கண வகுப்பில் படித்தது இதைத்தான். ம, ப இரண்டுக்கும் உதடுகளை மூடித் திறந்தால் போதும், நாக்குக்கு வேலையில்லை. 'ழ'வுக்கு நாக்கு எவ்வளவு பாடுபடுகிறது! ஆறேழு மாதக் குழந்தை மழலை பேசத் தொடங்கும்போது 'மாமா', 'பாபா' முதலில் வருவதற்கு இதுவே காரணம். குழந்தை யாரையும் அழைக்கவில்லை; வாயைப் பழக்குகிறது, அவ்வளவுதான். "என்னைத்தான் கூப்பிட்டது" என்று மகிழ்ந்து அதற்குப் பொருள் தருபவர்கள் பெரியவர்களே.

மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். தாய்க்கான சொற்களில் நூற்றுக்கு 55 மூக்கொலி கொண்டவை. தந்தைக்கானவற்றில் 15 மட்டுமே. ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1959-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது. அப்போது மூக்கின் வழியாகத்தான் முனக முடியும். பின்னர் பசித்தாலும் அதே முனகல் எழுகிறது. அது தாயோடு ஒட்டிக்கொள்கிறது. அழகான விளக்கம்தான். ஆனாலும் ஜார்ஜியர்கள் இதற்கு அடங்கவில்லை, பாருங்கள்!

ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழியில் தாய் 'அமா'. உடனே பாஸ்க்கும் தமிழும் உறவு என்று கிளம்பிவிடாதீர்கள். பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் அதே 'அமா' தந்தை! மொழிகளின் உறவை ஆராய்வோர் இத்தகைய மழலைச் சொற்களைச் சான்றாக ஏற்பதில்லை. எண்ணுப் பெயர்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள் போன்றவற்றில் ஒலிகள் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்றே பார்க்கிறார்கள்.

அடுத்து 'தாத்தா'வைத் தேடிப் பாருங்கள். இலங்கையில் சிங்களச் சிறுவன் அப்படிக் கூப்பிட்டால் வருபவர் அவனுடைய அப்பா. போலந்துச் சிறுமி கூப்பிட்டாலும் அப்பாதான் வருவார்.