நகர்த்தினால் மறையும் காய்கள்

இரண்டு பலகை, ஒரே ஆட்டம்: இணையத்தில் ஆடப்படும் 'ஆலிஸ் செஸ்'

மூன்றே நகர்வில் செக்மேட். வெள்ளை தன் இ வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பு தன் டி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளை பிஷப் இ2-க்கு வருகிறது. கறுப்புச் சிப்பாய் இ4-இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை பிஷப் அங்கிருந்து நேராக பி5-க்குப் போய் 'செக்' சொல்கிறது. ஆட்டம் முடிந்தது.

செஸ் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். "எப்படி முடியும்? சி6-க்குச் சிப்பாயைத் தள்ளலாம், குதிரையைப் போடலாம். டி7-இல் குதிரை, பிஷப், ராணி மூன்றில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். செக்கை மறைக்க ஐந்து வழி இருக்கிறதே!" என்பார்கள். சாதாரண செஸ்ஸில் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆலிஸ் செஸ்ஸில் அந்த ஐந்து வழியும் செல்லாது. மறைக்க வரும் காய், வந்து நின்ற கணமே அந்தப் பலகையிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒரே ஒரு புது விதி

இரண்டு பலகைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் வழக்கம்போல 32 காய்கள் அடுக்கப்பட்டிருக்கும், மற்றது காலி. வசதிக்காக முதலாவதை முன் பலகை என்றும் இரண்டாவதைக் கண்ணாடிப் பலகை என்றும் வைத்துக்கொள்வோம். எந்தக் காயை நகர்த்தினாலும், அது நிற்கும் பலகையில் வழக்கமான செஸ் விதிப்படியே நகர்த்த வேண்டும். நகர்ந்து முடித்ததும் அந்தக் காயைத் தூக்கி, மற்றப் பலகையில் அதே பெயருள்ள கட்டத்தில் வைத்துவிட வேண்டும். அங்கே அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் நகர்வு செல்லும். அவ்வளவுதான் புது விதி. காஸ்லிங் செய்தால் ராஜாவும் யானையும் சேர்ந்தே மறுபலகைக்குப் போகும்.

இதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வருகிறது. காய் தான் நிற்கும் பலகையில் உள்ள காயைத்தான் வெட்ட முடியும். மறுபலகையில் நிற்கும் காய் வழியை அடைக்காது. அதற்கு நேரான கட்டத்தைக் கடந்து போகலாம், அங்கே போய் நிற்கத்தான் முடியாது. ராஜா நகரும்போது, புறப்பட்ட பலகையிலும் அந்தக் கட்டம் தாக்குதலில் இருக்கக் கூடாது, போய்ச் சேரும் பலகையிலும் இருக்கக் கூடாது. மறுபலகைக்குத் தாவித் தப்பிக்கும் குறுக்குவழி கிடையாது.

இப்போது அந்த மூன்று நகர்வு ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் இ4-க்குப் போனதும் கண்ணாடிப் பலகைக்குப் போய்விட்டது. கறுப்பின் டி5 சிப்பாயும் அப்படியே. வெள்ளை பிஷப் முன் பலகையில் இ2-க்கு நகர்ந்து கண்ணாடிக்குள் போனது. கறுப்புச் சிப்பாய் அங்கே வெள்ளைச் சிப்பாயை வெட்டியதால் முன் பலகைக்குத் திரும்பிவிட்டது. பிஷப் கண்ணாடிப் பலகையில் பி5-க்கு ஓடி, முன் பலகையில் பி5-இல் வந்து இறங்கியது. டி7 காலி, கறுப்பு ராஜாவுக்கு நேர் செக். கறுப்பின் காய்கள் எல்லாமே முன் பலகையில்தான் நிற்கின்றன. எதை எடுத்துக் குறுக்கே வைத்தாலும் அது கண்ணாடிக்குள் போய்விடும். ராஜா டி7-க்குப் போகலாமென்றால் அந்தக் கட்டம் பிஷப்பின் வழியிலேயே இருக்கிறது. மற்றக் கட்டங்களிலெல்லாம் சொந்தக் காய்கள்.

கறுப்பு தப்பித்திருக்க முடியாதா? முடியும். இரண்டாவது நகர்வில் சிப்பாயை வெட்டும் ஆசையை விட்டு, ஜி8 குதிரையை எஃப்6-க்கு எடுத்திருந்தால் போதும். குதிரை கண்ணாடிப் பலகையில் போய் நின்றிருக்கும். பிஷப் பி5-க்கு வந்து செக் கொடுத்ததும் அந்தக் குதிரை அங்கிருந்து டி7-க்குத் தாவும். தாவியதும் முன் பலகையின் டி7-இல் வந்து இறங்கி ராஜாவை மறைக்கும்.

சப்போர்ட் எங்கே இருக்கிறது?

செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவது, "காயை வைக்குமுன் சப்போர்ட் இருக்கிறதா பார்" என்பதுதான். ஆலிஸ் செஸ்ஸில் தலைகீழாவது அந்தப் பாடம்தான்.

முன் பலகையில் உங்கள் குதிரை ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் அதே பலகையில் பிஷப்பும் ராணியும் காவலிருக்கின்றன. எதிராளியின் யானை வந்து குதிரையை வெட்டுகிறது. வெட்டிய யானை அடுத்த நொடி கண்ணாடிப் பலகையில். உங்கள் பிஷப்பும் ராணியும் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யானையைத் திருப்பி வெட்ட வேண்டுமானால் உங்கள் காய் ஏதாவது கண்ணாடிப் பலகையில் நின்று, குதிரை இருந்த கட்டத்துக்கு நேரான கட்டத்தைக் குறிவைத்திருக்க வேண்டும். கீழ் வீட்டில் திருடன் புகுந்தால் மாடியில் இருப்பவர்தான் பிடிக்க முடியும் என்ற கதை. அதனால் இதில் தேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே சில காய்களை மறுபக்கம் அனுப்பிவிடுவார்கள். எல்லாக் காயும் ஒரே பலகையில் இருந்தால் எதற்கும் காவல் இல்லை, ராஜாவுக்கு மறைப்பும் இல்லை.

இன்னொரு விசித்திரம். சாதாரண செஸ்ஸில் யானைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் யானைக்கு வழி திறக்காது. சிப்பாய் அதே வரிசையில்தானே நிற்கிறது. இங்கே தள்ளிய சிப்பாய் பலகையை விட்டே போய்விடுவதால் வரிசை முழுதாகத் திறந்துவிடும். நடுவில் வேறு காய் இல்லாமல் எதிரி ராஜா அந்த வரிசையில் இருந்தால் சிப்பாயைத் தள்ளியதுமே செக். இந்த ஒளிந்திருக்கும் செக் புதியவர்களை வரிசையாகக் கவிழ்க்கும்.

குதிரைக்கு வேறு விதி எழுதியதுபோல் இருக்கும். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். இங்கே பலகையையும் மாற்றுகிறது. அதனால் வெள்ளையின் ஜி1 குதிரை முன் பலகையில் என்றைக்கும் கறுப்புக் கட்டத்தில்தான் நிற்கும், கண்ணாடிப் பலகையில் வெள்ளைக் கட்டத்தில்தான். மொத்தம் உள்ள 128 கட்டங்களில் அதற்குச் சொந்தம் 64. பி1 குதிரைக்கு மற்ற 64. ஒரே அணியின் இரண்டு குதிரைகளுக்கும் பொதுவாக நிற்க ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆலிஸும் பார்ட்டனும்

இந்த ஆட்டத்தை 1953-இல் உருவாக்கியவர் வெர்னன் ரைலண்ட்ஸ் பார்ட்டன் என்ற ஆங்கிலேயர். 1897-இல் பிறந்து 1974-இல் மறைந்த அவருக்குப் புதுப்புது செஸ் வகைகளைக் கண்டுபிடிப்பதில் தீராத ஆசை. லிசெஸ் தளத்தில் ஆடுபவர்கள் 'ரேஸிங் கிங்ஸ்' என்ற வகையைப் பார்த்திருப்பார்கள். யாரும் யாருக்கும் செக் கொடுக்கக் கூடாது, முதலில் எட்டாம் வரிசையை எட்டும் ராஜாவுக்கு வெற்றி. அதுவும் பார்ட்டனுடையதுதான்.

ஆலிஸ் என்ற பெயர் லூயிஸ் கரோலின் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' நாவலிலிருந்து வந்தது. 1871-இல் வெளியான அந்த நூலில் ஆலிஸ் கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்க உலகத்துக்குப் போகிறாள். அந்த உலகம் ஒரு பெரிய செஸ் பலகை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஓடை. ஆலிஸ் அதில் ஒரு வெள்ளைச் சிப்பாய். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் அல்லவா? அதனால் மூன்றாம் கட்டத்தை அவள் நடந்து கடப்பதில்லை, ரயிலில் கடக்கிறாள். எட்டாம் கட்டம் போய் ராணியாகிறாள். நூலின் முகப்பிலேயே ஒரு செஸ் புதிரைப் படம் போட்டு வைத்தார் கரோல். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர்.

பார்ட்டனின் விதியைக் கரோலின் கதையில் பொருத்திப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரிகிறது. முதலில் இரண்டு கட்டம் தாவும் சிப்பாய் ஐந்து நகர்வில் எட்டாம் வரிசையை அடையும். ஐந்து ஒற்றைப்படை, ஆகவே அது ராணியாவது கண்ணாடிப் பலகையில். முதலில் ஒரே கட்டம் நகர்ந்த சிப்பாய்க்கு ஆறு நகர்வு; அது முன் பலகையில் ராணியாகும். நடுவில் எத்தனை காய்களை வெட்டிக்கொண்டு போனாலும் இந்தக் கணக்கு மாறாது, வெட்டினாலும் ஒரு வரிசைதானே முன்னேறும். சாதாரண செஸ்ஸில் இ3-ஆ இ4-ஆ என்பது வேகமும் இடமும் பற்றிய கேள்வி. இங்கே அந்தச் சிப்பாய் எந்தப் பலகையில் மகுடம் சூடும் என்பதே அந்த முதல் நகர்வில் தீர்மானமாகிவிடுகிறது. ரயிலேறிய ஆலிஸ், பார்ட்டனின் ஆட்டத்தில் கண்ணாடிப் பக்கத்து ராணி.

திரைக்கு ஏற்ற ஆட்டம்

இரட்டைப் பலகை என்றதும் பலருக்கு 'பக்ஹவுஸ்' ஞாபகம் வரும். நான்கு பேர், இரண்டு ஜோடி, இரண்டு பலகை. நான் வெட்டிய காய் என் ஜோடிக்குப் போகும், அவர் அதைத் தன் பலகையில் இறக்கிக்கொள்வார். கடிகாரத்தைத் தட்டித் தட்டி, கத்திக்கொண்டே ஆடும் அவசர ஆட்டம் அது. ஆலிஸ் செஸ் அதற்கு நேர் எதிர். ஆட்கள் இருவர்தான், அவசரம் ஆகவே ஆகாது.

நேரில் ஆடுவதில் சிரமம் அதிகம். காயை மறுபலகைக்கு மாற்ற மறந்துவிடுவார்கள். நாலு நகர்வு கழித்து, "இந்த பிஷப் இங்கே எப்படி வந்தது?" என்று இருவருமே முழிப்பார்கள். திரையில் அந்தப் பிரச்சினை இல்லை. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களை மட்டும் காட்டும் மென்பொருள், நகர்த்தியதும் காயைத் தானே மறுபக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். செல்லாத நகர்வை ஏற்காது.

ஆட ஆள் கிடைப்பது இன்னொரு சிக்கல். ஓர் ஊரில் இந்த ஆட்டம் தெரிந்தவர் இரண்டு பேர் இருப்பதே அபூர்வம். அந்த இடைவெளியை நிரப்புவது தபால் செஸ் பாணியில் இயங்கும் இணையத் தளங்கள். நெதர்லாந்தின் கணினி அறிவியலாளர் ஹான்ஸ் போட்லேண்டர் 1995-இல் தொடங்கிய 'செஸ் வேரியன்ட் பேஜஸ்' தளத்தின் 'கேம் கூரியர்', 'ஸ்கீமிங் மைண்ட்' போன்ற இடங்களில் ஒரு நகர்வுக்கு நாள்கணக்கில் அவகாசம் உண்டு. இன்று காலை நகர்த்திவிட்டு வேலைக்குப் போகலாம். பதில் நாளைக்கு வரும். எதிராளி எந்த நாட்டுக்காரர், என்ன வயது என்று தெரியாமலே ஆட்டம் வாரக்கணக்கில் ஓடும். இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்து யோசிக்க இந்த நிதானம் வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிட பிளிட்ஸ் ஆட்டமாக இதை ஆடினால் தவறுகளின் கணக்குத்தான் மிஞ்சும்.

மனப்பாடம் செல்லாத இடம்

செஸ் வகைகளுக்குப் பஞ்சமில்லை. டேவிட் பிரிட்சர்ட் 1994-இல் வெளியிட்ட செஸ் வகைக் கலைக்களஞ்சியத்தில் 1,400-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பெரும்பாலானவை கண்டுபிடித்தவரோடு முடிந்துபோனவை. ஆலிஸ் செஸ் நிலைத்ததற்குக் காரணம் அதன் சிக்கனம் என்பேன். புதுக் காய் இல்லை, நகரும் முறையில் மாற்றம் இல்லை, அடுக்கும் முறையில் மாற்றம் இல்லை. ஒரே விதியைச் சேர்த்து மொத்த ஆட்டத்தையும் வேறாக்கிவிட்டார் பார்ட்டன்.

முன்னாள் உலகச் செஸ் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் தன் 'ஃபிஷர் ரேண்டம்' செஸ்ஸை அறிவித்தபோது அவருடைய கோபம், ஆட்டத் தொடக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பவர்கள் மேல். பின்வரிசைக் காய்களை 960 விதமாகக் கலைத்து அடுக்கி அதற்கு மருந்து தேடினார். அதற்கு 43 ஆண்டு முன்பே, ஒரு காயையும் இடம் மாற்றாமல் பார்ட்டன் அதே வேலையைச் செய்திருந்தார். சிசிலியன் டிஃபென்ஸைக் கரைத்துக் குடித்தவருக்கும் இங்கே அது உதவாது. எதிர் எதிரே முட்டிக்கொள்ள வேண்டிய சிப்பாய்கள் ஒன்றையொன்று காணாமலே போய்விடக்கூடும்.

நல்ல ஆட்டக்காரர்கள் இதில் முதலில் தோற்பதும் அதனால்தான். சப்போர்ட் பார்ப்பது, செக்கை மறைப்பது, வெட்டியதும் திருப்பி வெட்டுவது எல்லாம் யோசிக்காமலே கைக்கு வரும் அளவுக்கு அவர்களுக்கு ஊறிப்போனவை. அந்தக் கை இங்கே அவர்களுக்கு எதிராக வேலை செய்கிறது. புதிதாகச் செஸ் கற்ற பிள்ளைக்கு ஊறிய பழக்கம் குறைவு. இந்த ஆட்டத்தில் அது ஒரு சௌகரியம்.

ஆடிப் பார்க்க இரண்டு பலகைகூட வேண்டாம். இரண்டு பலகையிலும் ஒரே பெயருள்ள கட்டங்கள் ஒரே நேரத்தில் நிரம்பியிருப்பது இந்த ஆட்டத்தில் நடக்காது. வந்து நிற்கும் ஒவ்வொரு காய்க்கும் நேரான கட்டம் காலியாக இருந்தாக வேண்டும் என்ற விதி அதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே வீட்டில் இருக்கும் ஒரே பலகையில் வழக்கம்போலக் காய்களை அடுக்குங்கள், ஒரு கைப்பிடிச் சில்லறையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காய் கண்ணாடிப் பக்கம் போனால் அதன் கீழே ஒரு காசு. திரும்பி வந்தால் காசை எடுத்துவிடுங்கள். காசு உள்ளவை காசு உள்ளவற்றைத்தான் வெட்டலாம், இல்லாதவை இல்லாதவற்றைத்தான். முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை இப்படி ஆடிவிட்டு இணையத்தில் இறங்கினால், மென்பொருள் ஒரு நகர்வை ஏன் மறுக்கிறது என்பதாவது புரியும்.