தடால் தடால் என்று விழும் பிள்ளைகள்! குற்றவாளி காலா, பிளேடா?

டொரண்டோவில் ஸ்கேட்டுக்கு நல்ல சாணைக் கடை பிடிப்பது எப்படி?

கனடாவின் டொரண்டோ நகரில் குளிர்காலம் வந்துவிட்டால் போதும். நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஐஸ் தளம் தயாராகிவிடும். ஸ்கார்பரோவில் ஆல்பர்ட் கேம்பெல் சதுக்கத்திலும் அதே கூத்துதான். நகரம் முழுக்க இப்படி 50-க்கு மேற்பட்ட திறந்தவெளித் தளங்களை நகரசபையே நடத்துகிறது. சறுக்க டிக்கெட் கிடையாது. காலில் ஸ்கேட் இருந்தால் இறங்க வேண்டியதுதான்.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வந்தவர்களுக்கு ஐஸ் என்றால் சர்பத்தில் போடுகிற ஐஸ்தான். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ அது விளையாட்டு மைதானம். கூடப் படிக்கிற பிள்ளைகள் சர்ர்ரென்று போவதைப் பார்த்துவிட்டு வீட்டில் வந்து ஒரே நச்சரிப்பு. அப்பா கடைக்கு ஓடுகிறார். புது ஸ்கேட் வாங்கி மாட்டி விடுகிறார்.

பிள்ளை ஐஸில் கால் வைத்ததும் தடால்!

எழுந்தால் மறுபடி தடால்! கரையில் நிற்கிற அப்பா, "காலைத் திடமா வையேன்" என்று அதட்டுகிறார். பாவம், அந்தக் கால் நிரபராதி. பல சமயம் குற்றவாளி காலுக்குக் கீழேதான் இருக்கிறான்.

புது ஸ்கேட், மொட்டை பிளேடு

பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்கேட்டுக்குப் பெரும்பாலும் சாணை பிடித்திருக்காது. புது அம்மி வாங்கினால் கொத்திவிட்டுத்தானே அரைப்போம்? அதே கதைதான். விவரம் தெரிந்த கடைக்காரர் விற்கும்போதே சொல்லிவிடுவார். கூட்ட நேரத்தில் மறந்துபோவதும் உண்டு. விஷயம் தெரியாத அப்பா மொட்டை பிளேடோடு பிள்ளையை இறக்கிவிடுகிறார்.

"சாணைதானே, கத்தி தீட்டுகிறவரிடம் கொடுத்தால் ஆச்சு" என்று கிளம்பிவிடக் கூடாது. கத்திக்கு ஒரே முனை. ஸ்கேட் பிளேடுக்கு இரண்டு. பிளேடின் தடிப்பு சுமார் 3, 4 மில்லிமீட்டர்தான். அதன் அடிப்பக்கத்தில், நடுவில், நீளவாட்டில் ஒரு வாய்க்கால் போலக் குழிவு ஓடுகிறது. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கரை. இந்த இரண்டு கரைகள்தான் ஐஸைக் கடித்துப் பிடிக்கின்றன. திரும்புவதும் நிற்பதும் இவற்றின் தயவு. கரை மழுங்கிவிட்டால் எண்ணெய் கொட்டிய தரையில் நடக்கிற மாதிரி ஆகிவிடும்.

சாணைக் கல்லின் முகத்தை வைர முனையால் வளைவாகச் சீவி வைத்திருப்பார்கள். அந்த வளைவு அப்படியே பிளேடில் குழிவாக விழும். இதற்கு அங்குலக் கணக்கு உண்டு. பரவலாகப் பிடிப்பது அரை அங்குலம். அரை அங்குல ஆழம் என்று பயந்துவிட வேண்டாம்! பிளேடே அதற்குத் தாங்காது. அரை அங்குல ஆரமுள்ள வட்டத்தின் வளைவு என்று அர்த்தம். எண் குறையக் குறையக் குழி ஆழமாகும், கடி ஜாஸ்தி. எண் கூடக் கூடக் குழி மேலாகும், வழுக்கல் ஜாஸ்தி.

கேள்வி கேட்கிறாரா?

நல்ல கடையின் முதல் அடையாளம், வாங்கியவுடன் கல்லில் வைக்காமல் நாலு கேள்வி கேட்பது. யாருக்கு, எத்தனை வயசு, ஆள் கனமா ஒல்லியா, ஹாக்கியா இல்லை ஃபிகர் ஸ்கேட்டிங்கா, போன தடவை என்ன கணக்கில் பிடித்தது? ஒல்லிப் பிள்ளைக்கும் தொந்தி வைத்த அப்பாவுக்கும் ஒரே குழி சரிப்படாது.

ஒன்றுமே கேட்காமல் ஸ்கேட்டைப் பிடுங்கி, பொறி பறக்க ரெண்டு இழு இழுத்து, "அடுத்த ஆள்" என்று கூப்பிடுகிற ஆசாமியிடம் உஷார்!

நாணயச் சோதனை

திருப்பிக் கொடுத்ததும் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டாதீர்கள். அங்கேயே, அவர் எதிரிலேயே, ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வையுங்கள். கண்ணுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நாணயமும் பிளேடும் சேர்ந்து 'டி' எழுத்துப் போலச் செங்குத்தாக நின்றால் இரண்டு கரையும் சமம். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கரை உசரம், ஒரு கரை பள்ளம். அந்த ஸ்கேட்டில் ஒரு பக்கம் திரும்பினால் பிடிக்கும், மறு பக்கம் வாரிவிடும். பிள்ளைக்குக் காரணம் தெரியாது. தனக்குத்தான் வரவில்லை என்று அழுதுவிட்டு, அடுத்த வாரம் வர மாட்டேன் என்று சொல்லிவிடும். கெட்ட சாணையால் வரும் பெரிய நஷ்டம் இதுதான்.

கைத்தொழில் தெரிந்தவர் இந்தச் சோதனைக்குக் கோபிக்க மாட்டார். பல பேர் அவர்களே சின்னச் சட்டம் ஒன்றை வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது நகம். கரையின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்தால் துளி சீவ வேண்டும். முன்னிருந்து பின்வரை எல்லா இடத்திலும் சீவ வேண்டும். நகத்தோடு நிறுத்துங்கள். விரலை நீளவாட்டில் ஓட்டினால் ரத்தம்தான்! பக்கவாட்டில் பிசிறு தட்டுப்பட்டால், கைக்கல்லால் தேய்த்து எடுக்காமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இரும்புக் களவு

கல்லில் போன இரும்பு போனதுதான். ஒவ்வொரு சாணையிலும் கொஞ்சம் குறையும், அது நியாயம். அவசரக்காரர் அழுத்தித் தேய்த்தால் ஒரே சீசனில் பாதி ஆயுசு போய்விடும். சூடேறி பிளேடு நீலம் பாய்ந்தால் அந்த இடம் இளகிவிடும். இன்னொன்று. பிளேடின் அடி நேர்கோடு அல்ல. முன்னும் பின்னும் லேசாக வளைந்து ஏறும். அந்த வளைவு போனால் பிள்ளையின் நிலையே மாறிவிடும்.

ஃபிகர் ஸ்கேட்டில் முன்பக்கம் ரம்பப் பல் மாதிரி பற்கள் இருக்கும். குதிப்பதற்கும் சுழல்வதற்கும் அவைதான் துணை. ஹாக்கி ஸ்கேட்டே பார்த்துப் பழகிய கை அந்தக் கீழ்ப் பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும் அபாயம் உண்டு. பல ஹாக்கி ஸ்கேட்டுகளில் இரும்பை மட்டும் கழற்றி மாற்றலாம். நல்ல ஃபிகர் பிளேடுக்கு விலை தலையில் இடிக்கும். ஆகவே "ஃபிகர் ஸ்கேட் பிடிப்பீங்களா, பல்லைத் தொடுவீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

எங்கே போவது?

உள்ளரங்க ஐஸ் தளங்கள் பலவற்றில் ஒரு மூலையில் சாணைக் கடை இருக்கும். ஹாக்கி சாமான் கடைகளிலும் பிடிப்பார்கள். கூலி பத்து டாலருக்கு முன்னே பின்னே. விளம்பரப் பலகையை விட, விடியற்காலையில் பிள்ளையோடு வந்து காபிக் கோப்பையோடு நடுங்கி நிற்கிற ஹாக்கி அம்மாக்களைக் கேட்பது மேல். கடை பெயரோடு நிற்காமல், அங்கே எந்த ஆள் நன்றாகப் பிடிக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். கடை ஒன்றானாலும் கை ஒன்றல்ல. சனிக்கிழமை நெரிசலில் புதுப் பையன் கையில் மாட்டிக்கொள்ளாமல், வார நாளில் போய் அதே ஆளிடம் கொடுத்தால் வேலை சுத்தம்.

இப்போது பொத்தானை அழுத்தினால் தானே சாணை பிடிக்கிற இயந்திரமும் வந்துவிட்டது. கை நடுக்கம் கிடையாது. ஆனால் கல்லும் பிளேடும் நடு மையத்தில் சேரும்படி சரிபார்த்து வைப்பது மனுஷன்தானே! அங்கேயும் நாணயச் சோதனை உண்டு.

பிடித்த சாணையைக் காப்பாற்றுவது வீட்டு வேலை. சிமெண்டுத் தரையில் உறை போடாமல் நாலு எட்டு வைத்தால் கொடுத்த கூலி அம்பேல். சறுக்கி முடித்ததும் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் உறையை மாட்டியே பையில் வைத்தால் துரு ஏறும். திறந்தவெளி ஐஸில் மண்ணும் தூசியும் கலப்பதால் கரை சீக்கிரம் மழுங்கும்.

சாணை பிடித்த முதல் நாள் கடி சற்று ஜாஸ்தியாக இருக்கும். பழகாத பிள்ளை நிற்கப் பார்த்து முன்னால் குப்புற விழலாம். அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஓரமாக நாலு சுற்று விட்டால் பழகிவிடும். மூன்றாம் நாளும் ஒரே பக்கமாக வாரிவிட்டால், நாணயத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போகலாம்.